303ஆம் பிரிவும் ஒழுக்கசீலரும்

சென்ற ஆண்டு பாடசாலைகளுக்கிடையிலான விவாதப் போட்டியொன்றுக்குத் தலைப்புகள் கோரப்பட்டபோது, உயர்தர வகுப்பு மாணவியர் சிலர் எழுதித்தந்த தலைப்பொன்றை என் கையொப்பத்துடன் அனுப்பிவைத்தேன். கருக்கலைப்புத் தொடர்பான இலங்கைச் சட்டம் திருத்தப்பட வேண்டுமா என்பதே அத்தலைப்பு. முதலில் வந்த பட்டியலில் அது இடம்பெற்றிருந்தது. அடுத்த வாரம் வந்த திருத்திய பட்டியலில் அது இல்லை. அதன் இடத்தில் சூழல் மாசடைதல் பற்றிய தலைப்பொன்று அமர்ந்திருந்தது. காரணம் எழுத்தில் தரப்படவில்லை. தொலைபேசியிற் கேட்டேன். "பிள்ளையள் பேசிற விசயமே இது, ரீச்சர்?" என்றார் பொறுப்பாயிருந்த பெரியவர். சற்று நேரம் பொறுத்து, "எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தானே, அதை ஏன் மேடையிலை ஏத்துவான்?" என்றும் சொன்னார். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஆயினும் அவர் கூறிய இரண்டாவது வாக்கியம் பல நாட்களாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. நமது நாட்டின் சட்டமும் அரசியலும் இவ்விடயத்திற் கைக்கொள்ளும் கொள்கை முழுவதும் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கிவிடுகிறதல்லவா?

எல்லாருக்கும் தெரியும் என்பது உண்மையே. இலங்கையில் நாளொன்றுக்கு 658 கருக்கலைப்புகள் நிகழ்கின்றன என்ற மதிப்பீடு பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளிலும் கருத்தரங்குகளிலும் ஓதப்பட்டு வருகிறது. சட்டத்துக்கு ஒளித்து நடப்பதை எவராலும் திட்டமாக எண்ணிவிட முடியாது. அவ்வெண்ணைக் கூட்டியோ குறைத்தோ கொள்வது வாசகரின் விருப்பம். ஆயின் அம்மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு இரண்டு இலட்சத்தைத் தாண்டும் ஒரு செயலைக் குற்றமென எழுதிவைத்திருக்கும் நாட்டில், அக்குற்றத்துக்கென நீதிமன்றேறும் வழக்குகள் மிகச் சொற்பமே. சட்டம் அதனைத் தடுக்கவுமில்லை. தடுக்க உண்மையாக முனையவுமில்லை. அது செய்வது வேறொன்று. நடப்பதை மறைவிடத்துக்குத் தள்ளுகிறது. அம்மறைவிடத்துக்கு ஒரு விலையையும் விதிக்கிறது.

இவ்விடயத்தை ஆராய்ந்தோர் திரும்பத் திரும்பக் கண்ட இன்னோர் உண்மையும் உண்டு. கருக்கலைப்பை நாடும் பெண்களுட் பெரும்பாலோர் மணமானவர்கள். முன்னரே பிள்ளை பெற்றவர்கள். இன்னொரு பிள்ளைக்கு வீட்டில் அரிசி காணாது என்றோ, கைக்குழந்தை இன்னும் பால் மறக்கவில்லை என்றோ, தன் உடல் இனித் தாங்காது என்றோ முடிவெடுத்த தாய்மார் அவர்கள். ஆனால் மேடையில் ஒழுக்கம் பேசுவோர் காட்டும் சித்திரம் யாது? கைத்தொலைபேசியும் நாகரிக மோகமுமாகக் கெட்டுப்போன கன்னிப்பெண் ஒருத்தியே அங்கு வருகிறாள். சட்டத்தைத் தளர்த்தினால் இவள் மேலும் கெடுவாள் என்பதே வாதம். இல்லாத ஒருத்தியின் ஒழுக்கத்தைக் காப்பதற்காக, இருக்கின்ற மூன்று பிள்ளைத் தாயொருத்தி அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு குருதி சிந்த வேண்டியிருக்கிறது. நமது புனைகதையும் இக்குற்றத்திலிருந்து முற்றாக விடுபட்டதன்று. ஏமாற்றப்பட்டுக் கிணற்றில் விழும் கன்னியர் எத்தனையோ கதைகளில் வந்துபோயினர். கணவனுக்கும் மாமிக்கும் சொல்லாமற் காலைப் பேருந்தேறிப் போய், மாலையில் வந்து அடுப்பு மூட்டும் குடும்பப்பெண் கதாநாயகியாக வந்ததை நான் கண்டது மிக அரிது.

இனி அச்சட்டத்தை ஒரு பாடமாகக் கொண்டு வாசிப்போம். வாசிப்பதுதானே நமது தொழில். 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின் சாரம் இது: கர்ப்பிணியொருத்தியின் கருவை வேண்டுமென்றே சிதைப்பவர் எவராயினும், அவளது உயிரைக் காக்கும் நோக்குடன் நல்லெண்ணத்தோடு செய்தாலன்றி, மூன்று ஆண்டுகள் வரையான சிறைக்கோ தண்டப்பணத்துக்கோ இரண்டுக்குமோ உரியவர், சிசுவின் அசைவு உணரப்பட்ட பின்னராயின் சிறை ஏழு ஆண்டுகள் வரை நீளும். தன் கருவைத் தானே சிதைப்பவளும் இதனுள் அடங்குவாள் என விளக்கக் குறிப்பொன்றும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இச்சிறு பந்தியுள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பெண் இருக்கிறாள். கருவைக் கலைப்பவர் இருக்கிறார். நல்லெண்ணம் என்ற சொல்லின் பின்னால் வைத்தியர் நிற்கிறார். கருவுக்குக் காரணமான ஆண் எங்கே? அவன் கணவனாயினும் காதலனாயினும், வல்லுறவு கொண்டவனாயினும், பெற்ற தந்தையே ஆயினும், ஓர் எழுத்தளவிலேனும் இப்பிரிவில் இல்லை. இலக்கண வகுப்பிலே நாம் கற்பிக்கும் தோன்றா எழுவாய்க்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பதரிது.

இச்சட்டத்திற் கைவைக்க முனையும்போதெல்லாம் "எமது பண்பாடு" என்ற கூக்குரல் எழுகிறது. யாருடைய பண்பாடு? மெக்காலே தலைமையிலான ஆணைக்குழு 1837இல் இந்தியாவுக்கென வரைந்து, 1860இற் சட்டமாக்கப்பட்ட கோவையின் வழியே இங்கு வந்து சேர்ந்தது இது. விக்ரோறியா காலத்து ஆங்கிலேயக் கனவானின் ஒழுக்கமே இதன் உயிர். அந்தக் கனவானின் நாடு 1967இலேயே தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது. அதே கோவையைப் பெற்ற இந்தியா 1971இல் மாற்றியது. 2025 யூனில், தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணைக் குற்றவியற் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்குவதற்குப் பிரித்தானியக் கீழ்ச்சபை வாக்களித்தது. துரை கழற்றியெறிந்த சட்டையை நாம் பரம்பரைப் பட்டென்று போர்த்திக்கொண்டு நிற்கிறோம். கருச்சிதைவைப் பாவமென்று கூறும் பழைய நூல்கள் நம்மிடமும் உண்டு என்று சிலர் எடுத்துக்காட்டுவர். உண்டுதான், மறுப்பதற்கில்லை. ஆயின் பாவம் வேறு, பொலிஸ் வேறு. பொய்யும் பாவமே, பொய்யருக்குச் சிறை என்று ஒரு சட்டமூலம் வருமாயின் அதற்கு ஆதரவாகக் கையுயர்த்தும் உறுப்பினர் எத்தனைபேர்?

1995ஆம் ஆண்டில் நடந்ததைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம். அவ்வாண்டு பாராளுமன்றத்தின் முன் வந்த தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் பலவகையில் முற்போக்கானது. இரத்த உறவினரிடையே நிகழும் முறைதகாப் புணர்ச்சியை அது தனிக் குற்றமாக்கியது. பாலியற் தொல்லையைத் தண்டனைக்குரியதாக்கியது. சிறுமியின் இசைவு செல்லாத வயதெல்லையை 12இலிருந்து 16க்கு உயர்த்தியது. அத்திருத்தத்தோடு முன்வைக்கப்பட்ட இன்னோர் ஏற்பாடு, வல்லுறவினாலோ முறைதகாப் புணர்ச்சியினாலோ உண்டான கருவையும், கடுங் குறைபாடுடைய கருவையும் கலைப்பதற்கு இடமளிக்க முயன்றது. மத அமைப்புகளும் உறுப்பினர் பலரும் எதிர்த்தனர். ஏனையவை நிறைவேறின, இது மட்டும் கைவிடப்பட்டது.

விளைவை எண்ணிப் பாருங்கள். மகளைக் கெடுத்த தந்தையைச் சிறையிலிடுவதும், அத்தந்தையின் பிள்ளையை அம்மகளே சுமந்து பெறவேண்டும் என்று பணிப்பதும் ஒரே சட்டக்கோவையின் இரு பக்கங்களாயின. அவளுக்குப் பதின்மூன்று வயதாயிருக்கலாம். அவளது இசைவு செல்லாது என்று கூறும் சட்டம், அவளது மறுப்பும் செல்லாது என்று கூறுகிறது. அவ்வேளை நாட்டின் சனாதிபதி ஒரு பெண். பிரதமர் ஒரு பெண். ஆளுங்கூட்டணியிலே நமது இடதுசாரிக் கட்சிகள் அங்கம் வகித்தன. இவ்விறுதி வாக்கியத்தை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சியில்லை. ஆயினும் எழுதாமல் விடுவது நான் கண்டிக்க வந்த குற்றத்தையே நானும் புரிவதாகும்.

இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் மீண்டும் ஒரு முயற்சி நிகழ்ந்தது. நீதியரசர் ஒருவர் தலைமையிலான குழுவின் சிபாரிசின் வழியே, வல்லுறவு, உயிர்வாழ இயலாத கருக்குறைபாடு ஆகிய நிலைமைகளில் அனுமதியளிக்க 2017 ஓகஸ்டில் அமைச்சரவை இணங்கியது. கத்தோலிக்க ஆயர் பேரவை பகிரங்கமாக எதிர்த்தது. சட்டமூலம் கிடப்பிற் போடப்பட்டது. எதிர்த்த சமயத்தவர் தம் நம்பிக்கையை ஒளிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களோடு நாம் நேர் நின்று வாதிடலாம். அரசியல்வாதியோ வாதிடுவதில்லை. தனியறையில் "நியாயந்தான்" என்று தலையசைத்து, தேர்தல் நாட்காட்டியைப் பார்த்துக் கோவையை மூடிவிடுகிறான்.

கபடம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தனிமனிதனின் கபடமே. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் கருக்கலைப்பை எதிர்த்து வாக்களித்துவந்த ரிம் மேர்பி என்பவர், தன்னோடு தொடர்பிலிருந்த பெண்ணிடம் கருவைக் கலைக்கும்படி கூறியதாகச் செய்தி வெளியாகி, 2017 ஒக்ரோபரிற் பதவி துறந்தார். இத்தகைய செய்திகளை வாசித்து நாம் சிரிக்கிறோம்; சிரிப்பது எளிது. ஆனால் மேர்பி போன்றோர் யாவரும் நாளையே தூயவராகிவிட்டாலும் ஓர் ஏழைப் பெண்ணுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நாம் அஞ்ச வேண்டிய கபடம் தனிமனிதனின் நாவில் இருப்பதன்று. சட்டத்தின் அமைப்பிலேயே ஊறியிருப்பது.

அயர்லாந்து இதற்குத் தெளிவான சான்று. அந்நாட்டு மக்கள் 1983இற் கருவின் உயிருரிமையை அரசியல் யாப்பிலே எழுதிக்கொண்டனர். 1992இல் அதே யாப்பிலே இன்னொரு திருத்தம் ஏறியது: கருவின் உரிமை, பெண் பிறநாட்டுக்குப் பயணம் செய்வதைத் தடுக்காது. கடலின் இக்கரையிற் குற்றமாயிருப்பது அக்கரையிற் பயணமாகிறது! கப்பற் கூலி உள்ளவளுக்கு ஒரு யாப்பு, இல்லாதவளுக்கு இன்னொன்று. 2018இலேதான் அந்நாட்டு மக்கள் வாக்களித்து அம்முடிச்சை அவிழ்த்தனர். நமது யாப்பில் அத்தகைய வாசகம் எழுதப்படவில்லை. எழுதாமலே நடைமுறையில் இருக்கிறது. வசதியுள்ளவள் சுத்தமான அறையும் வாய்திறவாத வைத்தியரும் தேடிக்கொள்கிறாள், அல்லது விமானமேறுகிறாள். ஆடைத்தொழிற்சாலைப் பெண்ணும் தோட்டத்துப் பெண்ணும், யாரோ கைமாற்றித் தந்த மாத்திரையை இன்னதென்று அறியாமல் விழுங்குகிறார்கள். குருதிப்பெருக்குடன் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும்போதும், பொலிசுக்கு அஞ்சி நடந்ததைச் சொல்ல மறுக்கிறார்கள். தாதி கேட்பாள், அவள் "விழுந்துபோனன்" என்பாள். இருவருக்கும் உண்மை தெரியும்.

இவ்வமைப்பை நாடகமேடையில் நிறுத்திக் காட்டியவர் ஜேர்மானியக் கம்யூனிஸ்ட் எழுத்தாளரும் வைத்தியருமான பிரீட்றிக் வோல்ப். 1929இற் பேர்லினில் அரங்கேறிய 'சயன்காலி' என்ற அவரது நாடகம், ஜேர்மன் தண்டனைச் சட்டத்தின் 218ஆம் பிரிவுக்கு எதிராக எழுந்தது. தொழிலாளர் குடியிருப்பில் வாழும் ஹெற்றே என்ற இளம்பெண் கருவுற்றிருக்கிறாள். அவளது காதலன் பவுல் வேலைக் கதவடைப்பினாற் கூலியிழந்தவன். வைத்தியரிடம் போகிறாள். அங்கே பணக்காரச் சீமாட்டியொருத்திக்கு மருத்துவச் சான்றிதழ் கிடைக்கிறது. ஹெற்றேக்கோ 218ஆம் பிரிவு கிடைக்கிறது. ஈற்றில் மறைவாகத் தொழில்செய்யும் ஒருத்தி தந்த நஞ்சினால் மாள்கிறாள். நாடகத்தை நகரெங்கும் பேச வைத்தவர், 1931இற் கருக்கலைப்புச் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார்; மக்கள் வீதிக்கிறங்கிய பின்னரே வெளியில் விடப்பட்டார்.

வைத்தியரின் அறையிலே நிகழும் அக்காட்சி நூறு துண்டுப்பிரசுரங்களுக்கு ஈடானது. ஒரே மேசை, ஒரே பேனா, ஒரே சட்டம். வந்தவளின் மேலங்கி மட்டுமே வேறு. இருந்தும் நாடகத்தில் ஒரு குறையுண்டு. அது நம்மைத் தொடும் குறை. ஹெற்றேயின் வறுமையே வோல்பின் வாதம் முழுவதும். கூலி இருந்திருந்தால் அவள் மனமுவந்து பெற்றிருப்பாள் என்றே நாடகம் நம்மை எண்ணவைக்கிறது. அப்படியாயின், பசியில்லாத ஆனால் பிள்ளை வேண்டாத பெண்ணுக்கு நாடகாசிரியரின் பதில் யாது? நாடகத்திற் பதில் இல்லை. பெண் இரங்கத்தக்கவளாயிருக்கும்வரை நாம் அவள் பக்கம். அவள் தானே முடிவெடுப்பவளாக எழுந்து நின்றால் நமக்கும் பேச்சு வருவதில்லை. 1995இலும் 2017இலும் முன்வைக்கப்பட்ட திருத்தங்கள் வல்லுறவுக்கும் கருக்குறைபாட்டுக்கும் மேலே அதிகம் செல்லாததும் இதனாலேயே. அவ்விரண்டும் நிறைவேறியிருந்தாலும், நான் முன்னர் கூறிய மூன்று பிள்ளைத் தாய் வெளியேதான் நின்றிருப்பாள். இதனைக் கூறுவதால் அத்திருத்தங்கள் வேண்டாதவை என்று கொள்ளற்க. பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு அவை உயிர்.

வோல்பின் பிற்காலம் நமக்கு இன்னுங் கசப்பான பாடம். நாடுகடந்து வாழ்ந்து திரும்பிய அவர், கிழக்கு ஜேர்மனியின் பிரசையாக 1953இற் காலமானார். அந்தச் சோஷலிச அரசே 1950இல் இயற்றிய சட்டம் கருக்கலைப்பைக் கடுமையாகச் சுருக்கியது. 1972இலேதான் அது தளர்ந்தது. உலகில் முதன்முதலாக 1920இல் இவ்வுரிமையைப் பெண்ணுக்களித்த சோவியத் அரசு, 1936இல் அதனைப் பறித்து 1955இலே திருப்பித் தந்தது. ருமேனியாவின் சௌசெஸ்கு 1966இற் பிறப்பித்த 770ஆம் இலக்க ஆணை எல்லாவற்றையும் விஞ்சியது. தேசத்துக்குத் தொழிலாளர் வேண்டும் என்பதற்காக ஆலைப் பெண்கள் கருவுற்றனரா என்று பரிசோதிக்கப்பட்டனர். 1989இல் அவ்வாட்சி வீழும்வரை ஏறத்தாழப் பத்தாயிரம் பெண்கள் மறைவான கருக்கலைப்பினால் மாண்டனர் என மதிப்பிடப்படுகிறது. ஆட்சி வீழ்ந்ததும் முதலில் நீக்கப்பட்டவற்றுள் ஒன்று இவ்வாணை. இவற்றை எதிரிகள் நமக்கெதிராகப் பயன்படுத்துவர் என்று மறைப்போரை நான் அறிவேன். நாம் கூறாவிடின் எதிரி கூறுவான், அவ்வளவே வேறுபாடு.

இலங்கையிலும் கருப்பை தேசத்தின் கணக்கேட்டில் ஏறாத சொத்தன்று. உயிர் புனிதமானது என்று 303ஆம் பிரிவைக் காக்கும் இதே அரசு, 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு ஐந்நூறு ரூபா ஊக்கப்பணம் வழங்கியது. நாள் முழுதும் கொழுந்து பறித்தாலும் சில ரூபாக்களே கண்ட லயத்துப் பெண்ணுக்கு ஐந்நூறு ரூபா என்பது எத்தகைய 'விருப்பம்' என்பதை விளக்கவேண்டியதில்லை. மலையகத் தோட்டங்களிலே நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டோர் வீதம் நாட்டின் பிற பகுதிகளைவிட உயர்ந்திருந்தமையை அரசின் கணக்கெடுப்புகளே காட்டின. மறுபுறத்தில், 2019இற் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களப் பெண்கள் ஆயிரக்கணக்கானோருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற பழி கிளப்பப்பட்டது. ஆதாரமில்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றிற் கூற நேர்ந்தது. ஓரினத்தின் கருவெனில் புனிதம், இன்னோரினத்தின் கருவெனில் பெருக்கம். நமது தமிழ் மேடைகளும் சளைத்தவையல்ல. எண்ணிக்கையிற் குறைந்துவிட்டோம், பெண்கள் நிறையப் பெறவேண்டும் என்று முழங்கும் குரல்களை நாமும் கேட்டிருக்கிறோம். பெற்ற பிள்ளைக்குப் பால்மா வாங்குவது யார் என்ற வினா அம்மேடைகளில் எழுவதில்லை.

2024 நவெம்பரிலே தெரிவான பாராளுமன்றத்தில் இருபத்திரண்டு பெண்கள் அமர்ந்தனர்; அதற்கு முன்னர் அத்தனைபேர் ஒருபோதும் அமர்ந்ததில்லை. இடதுசாரி மரபில் வந்த கட்சியின் தலைமையிலான அணி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. கூட்டணிக்காரர் விடமாட்டார், எண்ணிக்கை போதாது என்று 1995இற் கூறப்படக்கூடியதாயிருந்த சாட்டு இனி எவருக்கும் இல்லை. நமது ஆசிரியர் சங்கங்களும் மாணவர் ஒன்றியங்களும் சம்பளத்துக்கும் இலவசக் கல்விக்கும் ஊர்வலம் போகின்றன, போகவேண்டியதே. அக்கோரிக்கைப் பட்டியலில் 303 என்ற எண் ஏன் இதுகாறும் ஏறவில்லை என்று அடுத்த கூட்டத்தில் நான் கேட்க எண்ணியிருக்கிறேன். பெரியவரின் பதிலையே அங்கும் கேட்க நேருமோ என்ற அச்சமும் எனக்கில்லாமலில்லை.

விவாதப் போட்டி நடந்தது. எங்கள் பிள்ளைகள் சூழல் மாசடைதல் பற்றித் திறமையாகவே பேசி இரண்டாமிடம் பெற்றனர். திரும்பி வருகையில், பழைய தலைப்புக்கென ஆயத்தப்படுத்திய குறிப்புக் கொப்பியை ஒரு மாணவி என்னிடம் தந்தாள். வீட்டில் வைத்திருக்க அவளுக்குப் பயம். முதற் பக்கத்தில் 658 என்ற எண் எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே பென்சிலால் அதனை இருபத்துநான்கால் வகுத்து, வந்ததை இரண்டால் பெருக்கியிருந்தாள். போட்டிக்கென ஒதுக்கப்பட்டிருந்த நேரம் இரண்டு மணித்தியாலம். விடை 55 என்று வட்டமிட்டிருந்தாள்.